நிறம் ஏறாத தோட்டாக் கூடு

எங்கள் கிளப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். நடுவில் மடக்கித் திறந்து, குழாயின் பின்பக்கம் தோட்டாவைச் செருகி, மூடிச் சுட வேண்டும். அடுத்ததைச் சுட மறுபடி திறக்க வேண்டும். இறந்துபோன ஒரு உறுப்பினரின் குடும்பத்தார் அதை முறைப்படி கிளப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் இரும்பு அலமாரியில் சும்மா கிடந்தது. ஏனென்றால் அதற்கான தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த மனிதர் தோட்டா உட்காரும் குழியைத் தன் விருப்பப்படி வேறு அளவில் கடைந்து வாங்கியிருந்தார். துப்பாக்கியோடு வந்த தகர டப்பாவில் நூற்றுச் சொச்சம் வெறும் பித்தளைக் கூடுகள் இருந்தன. அவையும் அந்தக் குழிக்குச் சரியான அளவில் இல்லை. அவற்றை அவர் உருமாற்றிப் பயன்படுத்துவதற்காக வாங்கி வைத்திருக்கிறார். அதற்குள் காலமாகிவிட்டார்.

உருமாற்றுவது என்றால் இதுதான். கூட்டில் குறைவாக வெடிமருந்து போட்டு, குண்டு வைத்து, அதே துப்பாக்கியில் ஒரு முறை சுட வேண்டும். வெடிக்கிற வேகத்தில் பித்தளை உப்பிக் குழியின் சுவரோடு ஒட்டி, அதன் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். கழுத்துக்குக் கீழே சரிந்த தோளோடு உள்ளே போன கூடு நிமிர்ந்த தோளோடு வெளியே வரும். அதற்குப் பிறகு அந்தக் கூடு அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டும்தான்.

நான் எண்ணூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவு பார்க்கும் அறையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க மைக்ரோமீட்டரும் கையுமாக இருப்பவள். கல்லூரியில் என்.சி.சி.யில் சுட ஆரம்பித்தது, நாற்பதைத் தாண்டியும் விடவில்லை. நாசரேத் பக்கத்திலிருந்து வந்து காலடிப்பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்த குடும்பம் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் நான் துப்பாக்கி சுடப் போவதைப் பற்றி அம்மா இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "பிள்ளை ஆபீஸ் போயிருக்கா" என்பாள்.

கிளப் ஒரு பழைய தொழிற்சாலை வளாகத்துக்குள் இருக்கிறது. வெளியே எந்நேரமும் கண்டெய்னர் லாரிகள். உள்ளே ஒரு நீளமான மண்மேடு, சுடுகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, பக்கத்தில் தோட்டா நிரப்பும் அறை. அந்த அறைக்குத் தனி அனுமதி உண்டு, பூட்டும் உண்டு. சாவி செயலாளரிடம் இருக்கும். "இந்தத் துப்பாக்கியை நான் ஓட வைக்கிறேன், கூடுகளை என்னிடம் விடுங்கள்" என்று கமிட்டியில் கேட்டபோது யாரும் மறுக்கவில்லை. யாருக்கும் அதில் பெரிய ஆர்வமும் இல்லை.

முதல் பத்துக் கூடுகளை நிரப்பிச் சுட்டேன். நான்கு கூடுகள் கழுத்திலிருந்து தோள் வரை கீறி வெளியே வந்தன. அடுத்த வாரம் மருந்தை மாற்றிப் பார்த்தேன். ஆறில் மூன்று போயிற்று. பித்தளை பழசு, வேறு கூடு வரவழைக்க வழியில்லை. இப்படியே போனால் டப்பா காலியாகிவிடும் என்று பயந்து, கீறிய கூடுகளைக் கொட்டகை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அவர் வந்து நின்றார். கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் இலக்கு அட்டை மாற்றும் வேலை பார்ப்பவர். ஐம்பது வயது இருக்கும். வியாசர்பாடிக்காரர். இளவயதில் குத்துச்சண்டை போட்டவர் என்பது மூக்கைப் பார்த்தாலே தெரியும். மற்ற நாட்களில் காசிமேட்டில் ஒரு பட்டறையில் விசைப்படகு இன்ஜின்களுக்குச் செம்புக் குழாயும் பித்தளைக் குழாயும் வளைத்துக் கொடுக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆறு வருடமாக அவர் மாற்றி வைத்த அட்டைகளில் நான் சுட்டிருக்கிறேன். அவர் என்ன வேலை செய்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு கூட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கீறலில் நகத்தை ஓட்டினார்.

"மேடம், இத்த காச்சினீங்களா?"

"காய்ச்சறதுன்னா?"

"நெருப்புல காட்டி எளக வச்சீங்களான்னு கேக்குறேன். பித்தள பயசு ஆயிடுச்சின்னா வெறச்சிக்கும். அப்டியே வளைச்சா ஒடையும். நாங்க பைப்ப சும்மா வளைப்போம்னு நெனச்சிகினீங்களா? காட்டிட்டு அப்பாலதான் வளைப்போம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பித்தளையை இளக்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறேன். செய்ய வேண்டியதில்லை என்று நானே முடிவு செய்திருந்தேன், ஏனென்றால் எனக்குச் செய்யத் தெரியாது.

"மொத்தமும் சூடு பண்ணிடலாமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, வேணாம். அடி எளகிச்சின்னா காலி. கயுத்து மட்டும் எளகணும், அடி கெட்டியா நிக்கணும். தண்ணில நிக்க வைங்க. பாதி முங்கிகினு இருக்கட்டும். தண்ணிக்கு மேல நிக்கிறத மட்டும் காட்டுனா போதும்."

உறுப்பினர் அல்லாதவர் தோட்டா நிரப்பும் அறைக்குள் வரக் கூடாது. வெறும் கூட்டைத் தொடத் தடையில்லை. அதனால் கருவி வைக்கும் சின்ன அறையில் வேலையை வைத்துக்கொண்டோம். செயலாளரிடம் கேட்டேன், வெறும் கூடுதானே என்று தலையாட்டினார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார் அட்டை மாற்றுகிறவர். வெயிலில் நிறம் தெரியாதாம். ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, கூடுகளை நிறுத்தி, கேஸ் டார்ச்சின் நீலச் சுடரைக் கழுத்தில் சுற்றிக் காட்டினார். மஞ்சள் மங்கியது, ஒரு நொடி அரைகுறையாகச் சிவப்பு எழுந்தது. அது எழுவதற்கும் அவர் கூட்டைத் தட்டித் தண்ணீரில் சாய்ப்பதற்கும் இடையில் நேரமே இல்லை. உஸ் என்று ஒரு சத்தம். எடுத்துத் துடைத்தபோது கழுத்தில் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு வளையம் படிந்திருந்தது.

"இந்தக் கலர் போவாது. இதான் அடையாளம்" என்றார்.

அன்று பன்னிரண்டு கூடுகள் காய்ச்சினார். அடுத்த வாரம் பன்னிரண்டையும் சுட்டேன். ஒன்றுகூடக் கீறவில்லை. கடைசிக் கூட்டை வெளியே இழுத்தபோது சூடு ஆறவில்லை. அப்படியே அவர் உள்ளங்கையில் வைத்தேன். புதுத் தோளோடு, கச்சிதமாக, வேறு ஏதோ பொருள் போல இருந்தது. அதை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இனிமே இது வேற துப்பாக்கில போவாதா?"

"போகாது. இது ஒண்ணுக்குத்தான்."

"த்தோ பார்றா" என்று சிரித்தார். பிறகு மண்மேட்டைப் பார்த்தபடி, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார். "நான் ஒரு தபா சுடலாமாம்மா? ஒண்ணே ஒண்ணு."

விருந்தினர் சுட வேண்டுமென்றால் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். உறுப்பினர்களின் மச்சான்களுக்கும் மாமனார்களுக்கும் அந்தக் கையெழுத்து டீ குடிக்கிற நேரத்தில் கிடைத்துவிடும். "கேட்டுச் சொல்றேண்ணே" என்றேன்.

கேட்கவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். அட்டை மாற்றுகிறவருக்காகக் கேட்டால் செயலாளர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று ஒரு கூச்சம். மூன்று ஞாயிறு போயிற்று. அவரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. ஆனால் கூடு காய்ச்ச மட்டும் தவறாமல் வந்தார்.

நாலாவது ஞாயிறு அந்தத் துப்பாக்கியை உறுப்பினர்களுக்கு எல்லாம் காட்டுவதென்று ஏற்பாடு. இருபது தோட்டா வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் வேலையிலிருந்து நேராகப் போய் நிரப்ப உட்கார்ந்தேன். சுட்ட கூடுகளை இன்னும் சுத்தம் செய்யவில்லை; காய்ச்சியதில் சுடாதவை பதினாறுதான் இருந்தன. அவரைக் கூப்பிட்டிருக்கலாம். இல்லை, பதினாறு போதும் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கலாம். நான் காய்ச்சாத டப்பாவைத் திறந்து நான்கை எடுத்து, மருந்து போட்டு, குண்டு வைத்து, இருபதாக்கி மூடினேன். பத்தில் ஆறு நன்றாகத்தானே வந்தது என்று மனதுக்குள் ஒரு கணக்கு. அளவு பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் போட்ட கணக்கு அது.

ஞாயிறு காலை எல்லாரும் வந்திருந்தார்கள். முதல் ஆறேழு பேர் சுட்டார்கள், பாராட்டினார்கள். நான் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தேன். அடுத்து வந்தவர் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பில் எல்லோரும் மரியாதை வைத்திருந்த மனிதர். அவர் சுட்டபோது சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. துப்பாக்கியின் பின்பக்கத்திலிருந்து புகை சீறி அவர் மணிக்கட்டில் அடித்தது. அவர் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுக் கையை உதறினார். கண்ணாடி போட்டிருந்தார், கண்ணுக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டில் சின்னதாக ஒரு சூட்டுக்காயம். ஆனால் கொட்டகையே கூடிவிட்டது.

துப்பாக்கியைத் திறந்தபோது கூடு கீழே விழுந்து உருண்டது. கழுத்திலிருந்து பாதி உடம்பு வரை கிழிந்திருந்தது. கழுத்தில் வளையம் இல்லை. முழுக்க மஞ்சள்.

குனிந்து எடுத்தேன். எல்லோரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டை என் பேன்ட் பைக்குள் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று இன்றைக்கு வரை யோசிக்கிறேன். திட்டம் எதுவும் இல்லை. கை தானாகப் போனது என்றுதான் சொல்ல வரும். ஆனால் அந்தக் கையும் என்னுடையதுதானே.

"யார் இதையெல்லாம் ஹீட் பண்ணினது?" என்று செயலாளர் கேட்டார். யாரோ அட்டை மாற்றுகிறவரைக் காட்டினார்கள்.

"யோவ், யார் உன்ன டார்ச்சத் தொடச் சொன்னது? பட்டறை வேலைன்னு நெனச்சியா இது? ஓவரா சூடு பண்ணி வெச்சிருக்க. சாரோட கண்ணு போயிருந்தா யாருய்யா பதில் சொல்றது?"

செயலாளர் தலையாட்டித்தான் அந்த வேலை நடந்தது. அது அவருக்கு அப்போது நினைவில் இல்லை. எனக்கு இருந்தது. அட்டை மாற்றுகிறவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையில் இருந்த அட்டைக் கட்டை மேஜையில் வைத்துவிட்டு, கேட்டைத் தாண்டி நடந்து போனார். அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று அவருக்குப் போனில் சொல்லிவிட்டதாகச் செயலாளர் சாயங்காலம் குரூப்பில் செய்தி போட்டார். பலர் கட்டைவிரல் போட்டார்கள். நான் போடவில்லை, அவ்வளவுதான் என் வீரம்.

ஒன்பது நாள் அந்தக் கூடு என் கைப்பையில் இருந்தது. வேலையில் அளவு தவறிய ஒரு பாகத்தைத் தள்ளிவைத்து, சிவப்புச் சீட்டு ஒட்டி, கையெழுத்துப் போடும்போதெல்லாம் கைப்பைக்குள் விரலை விட்டு அந்தக் கூட்டைத் தொட்டுப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து இருக்கைப் பெண், "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றாள். எனக்கு வேலை போகாது, ஜெயிலுக்குப் போக மாட்டேன். ஒரு கிளப்பில் நல்ல பெயர் போகும். அவ்வளவு சின்ன விஷயத்துக்காக இன்னொருவர் பெயரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது.

பத்தாவது நாள் வேலை முடிந்து டோல்கேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்து வியாசர்பாடிக்குப் போனேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாம் மாடி. வாசலில் பிளாஸ்டிக் குடங்கள், உள்ளே அம்பேத்கர் படம், பக்கத்தில் சின்ன புத்தர். அவர் மனைவி கதவைத் திறந்தார். நான் யாரென்று சொன்னதும் அந்த அம்மாவின் முகம் இறுகியது.

"நீதானா அது? வா, குந்து."

நாற்காலியை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். வேறு எதுவும் பேசாமல் சமையலுக்குப் போய்விட்டார். அவருடைய கணவர் குளித்துவிட்டுத் தலை துவட்டியபடி வந்தார்.

"இன்னாமா, இவ்ளோ தூரம்?"

கைப்பையைத் திறந்து கூட்டை எடுத்து வைத்தேன். பதினாறு, நான்கு, இருபது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கூட்டைத் தொடவில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றார்.

"தெரியுமா?"

"கீய வுயுந்தப்பவே பாத்தேன். மஞ்சளா கீது. நான் காட்டுனதா இருந்தா கயுத்துல கலர் இருக்கும்ல. நீ எடுத்து பையில போட்டுகினதையும் பாத்தேன்."

"அப்ப ஏன் நீங்க அங்கயே சொல்லலை?"

"நான் சொன்னா எவன் நம்புவான்? நீ சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன். சொல்லல. சரின்னு கெளம்பிட்டேன்."

"என்ன மன்னிச்சிடுங்கண்ணே."

உள்ளேயிருந்து கரண்டி பாத்திரத்தில் மோதுகிற சத்தம் நின்றது. அந்த அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத்த எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்றார் அவர். "நான் கெட்ட பேரு வாங்குனது அங்க. அங்க போயி சொல்லு."

டீ குடிக்கச் சொல்லவில்லை. கூட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அந்த ஞாயிறு கமிட்டி கூடியது. கிழிந்த கூட்டையும், அவர் காய்ச்சிய கூடு ஒன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். டார்ச்சுக்குச் செயலாளரே அனுமதி கொடுத்ததையும் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்தது. பிழை யாருக்கும் வரலாம், விட்டுவிடலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். துறைமுக அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். மணிக்கட்டில் அப்போதும் தழும்பு இளஞ்சிவப்பாக இருந்தது.

"காய்ச்சாத கூட்டை லோட் பண்ணினதுல எனக்குக் கோபமில்லம்மா. நானும் நிறையத் தப்பு பண்ணியிருக்கேன். அதைப் பாக்கெட்ல போட்டியே. ரெண்டு வாரம் நான் அந்த ஆளத் திட்டிட்டு இருந்தேன். வீட்ல உக்காந்து திட்டினேன்."

கிழிந்த கூட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

தோட்டா நிரப்பும் அறைக்குள் ஆறு மாதம் நான் போகக் கூடாது என்று முடிவாயிற்று. அட்டை மாற்றுகிறவரை வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவதென்றும் தீர்மானித்தார்கள். செயலாளர் போன் செய்தார். வர முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். "வேற ஆள வச்சிக்கோங்க சார். எனக்கு பட்டறையில வேல கீது" என்றாராம்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து துறைமுக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவரே காசிமேட்டுப் பட்டறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "மன்னிப்புக் கேட்டேன். 'அட வுடுங்க சார்'னு வேலையப் பார்த்துட்டிருந்தார். அப்புறம் மெம்பராச் சேர்றீங்களான்னு கேட்டேன். குழாயக் கீழ வச்சிட்டார்" என்றார்.

உறுப்பினராக இரண்டு பேர் பரிந்துரைக்க வேண்டும். ஒருவர் அவர். இன்னொருவராக நான் கையெழுத்துப் போடட்டுமா என்று வியாசர்பாடிக்குப் போன் செய்து கேட்டேன்.

"ஸ்பெல்லிங்கு கரீட்டா எய்துமா என் பேர" என்றார்.

காகிதங்கள், போலீஸ் சரிபார்ப்பு, பாதுகாப்பு வகுப்பு எல்லாம் முடிய ஐந்து மாதம் ஆயிற்று. கமிட்டியில் ஒருவர் முணுமுணுத்தார். அட்டை மாற்றினவனெல்லாம் மெம்பரா என்று என் காதுபடவே கேட்டார். இந்த முறை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பெரிதாக ஒன்றும் பேசவில்லை. "ஆமா சார், மெம்பர்தான்" என்றேன்.

அவர் முதல் முறை சுட வந்த அன்று சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மனைவியும் வந்திருந்தார். கொட்டகைக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டு, காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அதே துப்பாக்கி. அதிகாரி நிரப்பிக் கொடுத்த தோட்டா. அவர் மூச்சை இழுத்துப் பாதி விட்டு நிறுத்தியதைப் பார்த்தேன். குத்துச்சண்டைக்காரர்கள் தோளைத் தளர்த்துவது போல ஒரு முறை தளர்த்திக்கொண்டார். சுட்டார்.

குண்டு அட்டையிலேயே படவில்லை. மண்மேட்டில் புழுதி கிளம்பியது.

எல்லோருக்கும் முன்னால் அவரே சிரித்தார். "எங்க போச்சு பாத்தியா? எண்ணூருக்கே போயிருக்கும்" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். அந்த அம்மா காதிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தார். இரண்டாவது தோட்டா அட்டையின் மூலையில் பட்டது. பத்தாவது கறுப்பு வட்டத்துக்குள் போயிற்று. அன்று அட்டை மாற்ற நான்தான் போனேன், யாரும் சொல்லவில்லை.

என் ஆறு மாதம் முடிந்து நான் மறுபடி தோட்டா நிரப்பும் அறைக்குப் போகிறேன். புது விதி ஒன்று வந்திருக்கிறது. நிரப்புவதற்கு முன்னால் கூடுகளை இன்னொருவர் பார்க்க வேண்டும். என்னுடையதை அவர் பார்க்கிறார். ஒவ்வொன்றாக எடுத்து, கழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய், திருப்பி வைக்கிறார். சில நாள் ஒரு கூட்டைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். காரணம் கேட்டால், "புடிக்கல" என்பார். நான் வாதாடுவதில்லை.

எங்களுக்குள் பழைய சகஜம் முழுதாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் பேசுவார், கேலி செய்வார், ஆனால் சில நேரம் நான் ஏதாவது சொல்லும்போது ஒரு கணம் தாமதித்துத்தான் தலையாட்டுவார். அந்த ஒரு கணம் எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். போன வாரம் முப்பது கூடுகளைப் பார்த்து முடித்து, தட்டை என் பக்கம் தள்ளினார்.

"எல்லாம் ஓகே. மருந்து ஏத்துமா" என்றார். பிறகு வெளியே போய், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் சுடும் முறைக்காகக் காத்து உட்கார்ந்தார்.